மரபணுவை நீக்கும் முன் மாற்றாத நுண்ணுயிரின் கணக்கைச் சரிபார்க்க வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

கன்னியாகுமரி மாவட்டக் கல்லூரிகளில் நுண்ணுயிரியலும் உயிரித்தொழில்நுட்பமும் படிக்கும் முதுநிலை மாணவர்களில் பலர், ஆய்வகச் செலவு கட்டுப்படியாகாத காரணத்தால், இறுதியாண்டு ஆய்வுத் திட்டத்தை இப்போது, நுண்ணுயிரின் வளர்சிதை மாற்றத்தைக் கணக்கிடும் மென்பொருளைக் கொண்டு, கணினியிலேயே செய்து முடிக்கிறார்கள். அதில் குறை சொல்ல ஏதுமில்லை. ஆனால், எடுத்த எடுப்பிலேயே ‘எந்த மரபணுவை நீக்கினால் எத்தனால் கூடும்’ என்ற கேள்விக்குத் தாவிவிடுகிறார்கள். மரபணு எதையும் தொடாத, இயல்பான நுண்ணுயிரின் வளர்சிதை மாற்றத்தை அந்த மென்பொருள் சரியாகச் சொல்கிறதா என்று முதலில் பார்க்கும் வழக்கம் அருகிவிட்டது. இதைப் பற்றியே இக்கடிதம்.

இந்த மென்பொருள்களின் அடிப்படை எளியது. ஒரு நுண்ணுயிரின் மரபணுத் தொகுதியிலிருந்து அதன் நொதிகளை அறிந்து, ஒவ்வொரு நொதியும் நடத்தும் வினையில் எந்தப் பொருள் எவ்வளவு செலவாகி எது எவ்வளவு உண்டாகிறது என்பதை ஒரு பெரிய எண் அணியாக (மேட்ரிக்ஸ்) எழுதிக்கொள்கிறார்கள். செல்லுக்குள் எந்த இடைப்பொருளும் தேங்குவதில்லை, உண்டாகும் வேகமும் செலவாகும் வேகமும் சமம் என்று வைத்துக்கொண்டு, அந்த வரம்புக்குள் செல் அதிகபட்சம் எவ்வளவு வேகமாக வளரலாம் என்று கேட்கிறார்கள். மேல்நிலைப் பள்ளி வணிகக் கணிதத்தில் வரும் நேரியல் திட்டமிடல் கணக்குதான் இது; இரண்டு மாறிகளுக்குப் பதில் ஆயிரக்கணக்கில் மாறிகள், அவ்வளவே. 1999இல் ஹீமோஃபிலஸ் இன்ஃபுளுயன்சே என்ற பாக்டீரியாவுக்கு இப்படி முழு மரபணுத் தொகுதிக்குமான ஒரு கணித மாதிரி உருவாயிற்று. குடலில் வாழும் ஈ. கோலை பாக்டீரியாவுக்கு 2017இல் வெளிவந்த மாதிரியில் 1,515 மரபணுக்களும் 2,719 வினைகளும் உள்ளன. கல்லூரிக் கணினி அறையில் இருக்கும் சாதாரணக் கணினியே சில நொடிகளில் அதற்கு விடை தந்துவிடும்.

விடை எளிதில் வந்துவிடுவதில்தான் சிக்கலும் இருக்கிறது. புறத்தேர்வாளராகச் சென்ற இடத்தில் நான் பார்த்த ஓர் அறிக்கை, ஆக்சிஜன் இல்லாத சூழலில் ஈ. கோலையைக் கொண்டு எத்தனால் உற்பத்தியைக் கூட்டுவது பற்றியது. கெட்டி அட்டை போட்டு, தலைப்பைப் பொன்னெழுத்தில் பொறித்திருந்தார்கள். உள்ளே முதல் அட்டவணையின் முதல் வரிசையில் ‘மாற்றப்படாத வகை – 0.8739’ என்றிருந்தது. இந்த மென்பொருளோடு பழகியவர்களுக்கு அந்த எண்ணைப் பார்த்ததுமே தெரிந்துவிடும். 95 வினைகளும் 137 மரபணுக்களும் கொண்ட ஈ. கோலைப் பயிற்சி மாதிரியைப் பதிவிறக்கி, அமைப்பு எதையும் மாற்றாமல் அப்படியே ஓட்டினால், ஒரு கிராம் உலர் எடைக்கு மணிக்கு 10 மில்லிமோல் குளுக்கோஸும் தேவையான அளவு ஆக்சிஜனும் கிடைக்கும் செல்லின் வளர்ச்சி வேகமாக மென்பொருள் காட்டுவது அதுவே. செல்கள் ஏறக்குறைய 48 நிமிடங்களில் இரட்டிக்கும் வேகம் அது. ஆக்சிஜன் உள்ளே வரும் வினையை அடைத்துவிட்டால் அந்த எண் 0.2117 ஆகக் குறைந்து, இரட்டிக்கும் நேரம் மூன்றேகால் மணியாகிவிடும்.

வேகம் மட்டும் மாறுவதோடு இது நிற்பதில்லை. ஆக்சிஜன் இருக்கும் கணக்கில் அந்த மாதிரி எத்தனால் எதையும் வெளியேற்றுவதில்லை. சர்க்கரையின் கரியில் செல் கட்டுமானத்துக்குப் போனது போக மீதி கரியமில வாயுவாகிவிடுகிறது. ஆக்சிஜனை அடைத்த பிறகே அசெட்டேட், ஃபார்மேட், எத்தனால் மூன்றும் வெளிவருகின்றன. நான் பார்த்த அறிக்கையில், மரபணு நீக்கிய வகைகளுக்கு மட்டும் ஆக்சிஜன் அடைக்கப்பட்டிருந்தது. ஒப்பிட எடுத்த இயல்பான வகைக்கு அடைக்கப்படவில்லை. ஆகவே எந்த மரபணுவை நீக்கினாலும் எத்தனால் ‘கூடியது’. அதை வரவழைத்தது ஆக்சிஜன் அடைப்பு என்பதை வழிகாட்டியும் கவனிக்கவில்லை.

மரபணு நீக்கத்தைக் கணிக்கும் முறைகளில் சில, இயல்பான வகையின் கணக்கையே அடித்தளமாகக் கொண்டவை. 2002இல் செக்ரே, விட்கப், சர்ச் ஆகியோர் வெளியிட்ட முறை, மரபணுவை இழந்த செல் உடனே புதிய உச்ச வளர்ச்சிக்குத் தன்னைத் தகவமைத்துக்கொள்ளாது, தன் பழைய வினையோட்டத்துக்கு (ஒவ்வொரு வினையும் நடக்கும் வேகங்களின் தொகுப்புக்கு) இயன்ற வரை நெருக்கமாகவே நிற்கும் என்று கொள்கிறது. அந்தப் பழைய வினையோட்டமே பிழையென்றால் அதிலிருந்து அளக்கும் தூரத்துக்குப் பொருளேது? மேலும், உச்ச வளர்ச்சி வேகம் ஒரே எண்ணாக வந்தாலும் அதை எட்டும் உள்வழிகள் பல இருக்கலாம். மென்பொருள் அவற்றில் ஒன்றை எடுத்து நீட்டுகிறது, அவ்வளவுதான். ஒவ்வொரு வினையும் எந்த எல்லைக்குள் கூடிக் குறையலாம் என்றும் கணக்கிட்டுப் பார்க்காத மாணவர், அந்த ஒன்றையே செல்லின் நிலையென்று நம்பிவிடுவார்.

செல் எப்போதும் வளர்ச்சியையே உச்சமாக்கும் என்ற அனுமானமும் எல்லா இடத்திலும் செல்லுபடியாவதில்லை. ஊறுகாயிலும் புளித்த காய்கறிகளிலும் காணப்படும் லாக்டோபாசில்லஸ் பிளாண்டாரத்துக்கு 2006இல் வெளியான ஆய்வில், செல்லுக்கு ஆற்றல் தரும் ஏடிபி கூடுதலாகக் கிடைக்கும் கலப்பு அமில வழியை மாதிரி தேர்ந்தெடுத்தது. நேரில் அந்த பாக்டீரியா பெரும்பாலும் லாக்டிக் அமிலத்தையே உண்டாக்கியது. எந்த மரபணுவிலும் கைவைக்காமல் செய்த கணக்கு இது என்பதை மாணவர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

நம் ஊர் அக்கானியையே (பதநீர்) எடுத்துக்கொள்வோம். கலயத்தில் சுண்ணாம்பு தடவாமல் பனஞ்சாற்றை இறக்கினால் சில மணி நேரத்திலேயே புளிக்கத் தொடங்குகிறது. அங்கே ஈஸ்ட்டோடு சைமோமோனாஸ் மொபிலிஸ் என்ற பாக்டீரியாவும் வேலை செய்வதுண்டு. ஒரு குளுக்கோஸிலிருந்து ஈஸ்ட்டுக்கு நிகரமாக இரண்டு ஏடிபி கிடைக்க, இதற்குக் கிடைப்பது ஒன்றே. ஆயினும் சர்க்கரையை எத்தனாலாக மாற்றும் வேகத்தில் இது ஈஸ்ட்டை மிஞ்சக்கூடியது. இதன் மரபணுத் தொகுதி 2005இல் வெளியாகி, அதன் மேல் மாதிரிகளும் கட்டப்பட்டுவிட்டன. எனவே விளவங்கோடு, கல்குளம் பகுதி மாணவர்கள் எடுத்துச் செய்ய இது அருமையான பொருள். ஆனால் பனஞ்சாற்றில் பெரும்பகுதி சுக்ரோஸ். குளுக்கோஸ் 10 மில்லிமோல் என்ற இயல்பு அமைப்பை அப்படியே விட்டுவைத்தால் கணக்கு பனஞ்சாற்றுக்கு உரியதாகாது. சுண்ணாம்பு வேலை செய்வது காரத்தன்மையைக் கூட்டுவதால். இந்த வகைக் கணக்கிலோ காரத்தன்மைக்கு நேரடியாக இடமே இல்லை. சுண்ணாம்பு தடவிய கலயமும் தடவாத கலயமும் மாதிரிக்கு ஒன்றுதான். அந்த வேறுபாட்டை எந்த வினையின் எல்லையாக எழுதுவது என்று யோசிப்பதே நல்லதொரு ஆய்வுத் திட்டமாகும்.

இதற்குப் பெரிய செலவில்லை. பைத்தானில் இயங்கும் கோப்ராபை, போர்ச்சுகலின் மின்ஹோ பல்கலைக்கழகத்தில் உருவான ஆப்ட்ஃபிளக்ஸ், கணக்கைத் தீர்க்கும் ஜிஎல்பிகே ஆகிய மென்பொருள்கள் அனைத்தும் இலவசமே. பெரும்பாலான துறைகளில் இருக்கும் நிறமாலைமானியில் 600 நானோமீட்டரில் கலங்கலை அளந்து, ஊடகத்தில் குளுக்கோஸ் குறையும் வேகத்தையும் கண்டறிந்தால், கணினி சொல்லும் வளர்ச்சியோடு ஒப்பிட்டுவிடலாம். எனவே, மாற்றப்படாத வகையின் கணினிக் கணக்கையும் அதனோடு இந்த அளவீட்டையும் முதுநிலைப் பாடத்திட்டத்தில் தனிச் செய்முறையாகச் சேர்க்கப் பாடத்திட்டக் குழுவினர் முன்வர வேண்டும். அதுவரை, ஊடகத்தில் எந்தப் பொருளுக்கு எந்த எல்லை வைக்கப்பட்டது என்ற அட்டவணையும், இயல்பான வகையும் நீக்கிய வகையும் ஒரே சூழலில் கணக்கிடப்பட்டன என்ற உறுதியும் இல்லாத அறிக்கைகளைத் துறைத்தலைவர்கள் கையெழுத்திடாமல் திருப்பி அனுப்ப வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நுண்ணுயிரியல் பேராசிரியர்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்.