சிவந்த தண்ணீர் கழிவல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். தூத்துக்குடி உப்பளம் ஒன்றில் பாத்தி நீர் சிவந்திருக்கும் படத்தைப் போட்டு, ‘ஆலைக் கழிவா?’ என்று சென்ற வாரம் கேட்டிருந்தீர்கள். இல்லை ஐயா. என் தந்தை நாற்பது ஆண்டுகள் உப்பு வாரியவர். பாத்தி சிவந்தால் "இனி உப்பு இறங்கும்" என்று வாருபலகையைத் தேடுவார். காரணம் அவருக்குத் தெரியாது. வேதியியல் ஆசிரியரான பிறகுதான் எனக்கே தெரிந்தது.

கடல்நீரில் உப்பு சுமார் 3.5 சதவீதம். வெயிலில் வற்றி அது 25 சதவீதத்தை எட்டும்போது மீனுக்கு அங்கே வேலை இல்லை. ஹாலோபாக்டீரியம் என்ற நுண்ணுயிருக்கோ அதுதான் சொந்த வீடு. வெளியிலுள்ள உப்பு தன் நீரை உறிஞ்சிவிடாதபடி, பொட்டாசியம் குளோரைடை உள்ளே நிரப்பி அது ஈடுகட்டுகிறது. நம் புரதங்கள் அவ்வளவு உப்பில் திரிந்துபோகும். அதன் புரதங்கள் உப்பு குறைந்தால்தான் குலையும். நல்ல தண்ணீரில் விட்டால் வெடித்துச் செத்துவிடும்!

டுனாலியெல்லா என்ற பாசியின் வழி வேறு. அது உப்பை வெளியே தள்ளிவிட்டு, கிளிசரால் தயாரித்து உள்ளே வைத்துக்கொள்கிறது. வெயிலுக்குக் குடையாக பீட்டா கரோட்டின். கேரட்டில் இருக்கும் அதே நிறமி.

பாத்தி நீரைச் சிவக்க வைப்பவை இந்த இரண்டு உயிர்களின் நிறமிகள்தான். இந்தச் சிவப்பு வெயிலைக் கூடுதலாக உள்வாங்கி, நீர் ஆவியாவதை விரைவுபடுத்துகிறது. தந்தையின் கணக்கு சரிதான்.

திருத்தம் வெளியிட்டால், அதைக் கத்தரித்து அவருடைய பழைய வாருபலகையின் மேல் ஒட்டிவைப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்,
தூத்துக்குடி