அரிக்கமேட்டுக்கு ஓர் ஆளும் ஒரு பலகையும்

அரிக்கமேட்டைக் காக்கும் பொறுப்பில் உள்ள அதிகாரிகளுக்கு வணக்கம்.

புதுச்சேரிக்குப் பக்கத்தில், பழங்காலத் துறைமுகமாக இருந்த அந்த மண்ணின் பெருமையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1945இல் தொல்லியல் அறிஞர் வீலர் அங்கே தோண்டியதும், ரோமானிய மதுச் சாடிகளின் ஓடுகளும் தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும் கிடைத்ததும் உங்கள் கோப்புகளில் இருக்கும். கோப்பில் இராத ஒன்றைச் சொல்லவே எழுதுகிறேன்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை என் பெரியம்மாவை அங்கே அழைத்துச் சென்றேன். வயது 72. மலேசியாவில் உள்ள மலாக்காவில் வாழ்க்கைப்பட்டவர்; வேளாங்கண்ணி மாதாவுக்கு நேர்ச்சை செலுத்திவிட்டு எங்கள் வீட்டில் நான்கு நாள் தங்க வந்திருந்தார். காக்காயன்தோப்பு வரை ஆட்டோவில் போய், பிறகு வழி கேட்டுக் கேட்டு நடந்தோம். இரண்டு முறை வழி தவறினோம். கடைசியில் மரங்களுக்கிடையே அந்தச் செங்கல் தூண்கள் தெரிந்ததும் பெரியம்மா செருப்பைக் கழற்றிவிட்டார். கோயில் என்று நினைத்துவிட்டார். "இது கோயில் இல்லை பெரியம்மா, பாதிரிமார் தங்கியிருந்த வீடு" என்று நான் சொல்லி முடிப்பதற்குள், உடைந்த மது பாட்டிலின் சில்லு அவர் உள்ளங்காலில் இறங்கிவிட்டது.

துண்டைக் கிழித்துக் கட்டினேன். உதவிக்குக் கூப்பிட அங்கே ஓர் ஆள் இல்லை. தோளில் சாய்த்து நடத்தியே சாலைக்குக் கொண்டுவந்தேன். மூன்று தையல். அவர் சர்க்கரை நோயாளி. அப்படிப்பட்டவர் காலில் காயம் பட்டால் வீடே எப்படிப் பதறும் என்பது பெரியவர்களை வைத்துக் காப்பாற்றும் எவருக்கும் தெரியும். விமானப் பயணத்தைத் தள்ளிப்போட்டிருக்கிறோம்.

அன்று அங்கே சில மாணவர்களும் வந்திருந்தார்கள். அந்தத் தூண்களின் முன் நின்று, ரோமானியர் கட்டிய மாளிகை என்று சொல்லிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அது 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுப் பாதிரிமார் எழுப்பியது. அதற்கும் ரோமானியருக்கும் இடையே ஏறத்தாழ 1,700 ஆண்டு இடைவெளி. பிள்ளைகள்மேல் குற்றம் இல்லை. அதைச் சொல்ல அங்கே ஒரு வரி எழுத்துகூட என் கண்ணில் படவில்லை.

நான் கேட்பது இரண்டே இரண்டு: பகல் முழுவதும் அங்கே இருக்க ஓர் ஆள், எது எந்தக் காலத்தது என்று தமிழில் சொல்லும் ஒரு பலகை.

இரவு கால் வலியோடு படுத்திருந்த பெரியம்மா தன் ஊர்க் குன்றைப் பற்றிச் சொன்னார். மலாக்காவில் போர்த்துகீசியர் 1521இல் குன்றின் உச்சியில் மாதாவுக்குக் கட்டிய கோயில் அது. 1553இல் புனித சவேரியாரின் உடல் கோவாவுக்குப் போகும் வழியில் சில மாதம் அங்கேதான் அடக்கம் செய்யப்பட்டிருந்தது. 1641இல் ஊரைப் பிடித்த டச்சுக்காரர்கள் அதைத் தங்கள் கோயிலாக்கிக்கொண்டார்கள். 1753இல் கீழே புதுக் கோயில் கட்டி முடித்ததும் மேலே இருந்ததைக் கைவிட்டார்கள். இன்று அதற்குக் கூரை இல்லை. ஆனால் சுவர்கள் நிற்கின்றன. டச்சுக்காரர்களின் பெரிய கல்லறைக் கற்களைச் சுவரில் சாய்த்து நிறுத்தியிருக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் நின்று பார்க்கலாம். "அந்தப் படியில் எத்தனையோ தரம் வெறுங்காலோடு ஏறியிருக்கிறேன், ஒரு முள் குத்தியதில்லை" என்றார். அவர் யாரையும் குறை சொல்லவில்லை. எனக்குத்தான் முகம் கொடுக்க முடியவில்லை.

அரிக்கமேட்டோடு இது முடிந்தால்கூட ஆறுதல் கொள்ளலாம். கடலூரில் தேவனாம்பட்டினம் கோட்டையைப் பாருங்கள். 1690இல் ஆங்கிலேயர் அதை வாங்கியபோது, பீரங்கிக் குண்டு போய் விழுந்த தூரம் வரை இருந்த ஊர்களும் அவர்கள் கைக்குப் போயின. 'குண்டு கிராமங்கள்' என்ற பேச்சு அப்படி வந்ததுதான். 1746இல் சென்னையைப் பிரெஞ்சுக்காரரிடம் இழந்தபின் இந்தக் கரையில் ஆங்கிலேயரின் தலைமையிடமே அதுதான். இன்று எஞ்சி நிற்பது கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தின் கதை கடலூர்ப் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? இருப்பதை எல்லாம் இப்படியே விட்டுவிட்டு, நம் கடற்கரையின் பழமையைப் பற்றி மேடையில் மட்டும் பேசுவது எனக்குப் பொறுக்கவில்லை.

கோபத்தில் விலகிப் போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அரிக்கமேட்டில் மண்டபம் கட்டுங்கள், பூங்கா போடுங்கள் என்று நான் கேட்கவில்லை. கண்ணாடிச் சில்லுகளைப் பொறுக்கி எடுக்கவும், மாலையில் பாட்டிலோடு வருபவர்களைத் திருப்பி அனுப்பவும் ஓர் ஆள். அவர் பக்கத்தில் ஒரு பலகை.

பெரியம்மா அடுத்த செப்டம்பரில் மாதா திருவிழாவுக்கு மீண்டும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். அன்று பாதியில் திரும்பியதால் அந்த இடத்தை முழுதாகப் பார்க்க வேண்டும் என்கிறார். எப்போதும் போல் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நடப்பார். அதற்குள் ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அரியாங்குப்பத்துவாசி