போயிட்டு வரேன்

செவ்வாய்ப்பேட்டை, சேலம்
சித்திரை 12

அன்பு மச்சான்,

கடிதமும் மிளகும் வந்து சேர்ந்தன. உன் தங்கச்சி அன்றைக்கே அந்த மிளகில் ரசம் வைத்துவிட்டாள். பூக்கிற நேரத்தில் மழை தப்பாமல் பெய்து ஏற்காட்டில் காபி நன்றாகப் பூத்ததாக எழுதியிருந்தாய். படிக்கப் படிக்க மனசு நிறைந்தது.

நான் குடி மறுவாழ்வு மையத்திலிருந்து வந்து இன்றோடு 11 நாள். மூன்று நாளாகப் பட்டறைக்குப் போகிறேன். கொலுசில் சலங்கையைப் பற்றவைக்கும்போது கை நடுங்கவில்லை. முதலாளி கொஞ்ச நேரம் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டுப் போனார்.

‘இனி குடியைத் தொடமாட்டேன் என்று சேர்வராயன் சாமிமேல் சத்தியம் பண்ணு’ என்று கேட்டிருந்தாய். மச்சான், அதை மட்டும் கேட்காதே. போன தடவை அந்தச் சத்தியத்தைச் செய்துவிட்டுத்தான் வந்தேன். அப்புறம் நடந்ததை உனக்கு முழுசாகச் சொன்னதில்லை.

போன வைகாசியில் சிகிச்சை முடிந்து கிளம்பினேன். ஆஸ்பத்திரியில் ‘வரேன்’ என்று சொல்லக்கூடாது என்பார்களே, அதனால் வாயைத் திறக்காமல் நடந்தேன். வாசலில் இருந்தவர், ‘இந்தப் பக்கம் திரும்பி வந்துடாதீங்க’ என்று வாழ்த்தி அனுப்பினார். நல்ல மனசோடு சொன்னதுதான். ஆடியில் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு வந்த சொந்தக்காரர் ஒரு கட்டிங் ஊற்றிக் கொடுத்தார். குடித்து முடித்ததும் காதில் கேட்டது அந்த வார்த்தைதான். மறுநாள் காலையிலேயே மையத்துக்குப் போயிருந்தால் அதோடு நின்றிருக்கும். எந்த முகத்தோடு போவது என்று எட்டு மாதம் ஒளிந்தேன், எட்டு மாதமும் குடித்தேன். கவுன்சலர் போன் செய்தால், ‘அப்பா ஊர்ல இல்லை’ என்று மகளை விட்டுச் சொல்லவைத்தேன். பத்து வயசுப் பிள்ளை. குடித்ததைவிட அதுதான் இன்னும் நெஞ்சில் குத்துகிறது.

நடுவில், பொங்கலுக்கு நானாகவே நிறுத்திப் பார்த்தேன். மூன்றாம் நாள், சுவரெல்லாம் எறும்பு என்று கத்தியிருக்கிறேன். விடாமல் குடித்த உடம்பு சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், புத்தி தடுமாறலாம், உயிரே போகலாம் என்று பிறகுதான் தெரிந்தது. உன் எஸ்டேட்டில் யாராவது வைராக்கியமாகத் தனியாக நிறுத்தக் கிளம்பினால், தயவுசெய்து டாக்டரிடம் கூட்டிப்போ.

இந்தத் தடவை மையத்தில் டாக்டர் என்னையும் உன் தங்கச்சியையும் உட்காரவைத்துப் பேசினார். அமெரிக்க அரசின் போதை ஆய்வு நிறுவனக் கணக்குப்படி, சிகிச்சை எடுத்தவர்களில் 100-க்கு 40 முதல் 60 பேர் திரும்பத் தொட்டுவிடுகிறார்களாம். பிரஷர், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு நோய் திரும்புவதும் கிட்டத்தட்ட அந்த அளவுதானாம். ‘பிரஷர் ஏறினா ஓடி வர்றீங்க, இதுக்கு மட்டும் ஏன் ஒளியறீங்க?’ என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. எட்டு மாதமாக யாராவது அதைச் சொல்லமாட்டார்களா என்றுதான் இருந்திருக்கிறேன் போல.

தினமும் ஒரு மாத்திரை, நால்ட்ரெக்சோன். குடிக்கத் தோன்றும் வேகத்தைக் குறைக்குமாம். 1937-ல் ராஜாஜி மதுவிலக்கை முதன்முதலில் நம் சேலம் ஜில்லாவில்தான் கொண்டுவந்தார் என்று தாத்தா பெருமையாகச் சொல்வார். இப்போது பட்டறைக்கும் வீட்டுக்கும் நடுவில் பகல் 12 மணிக்குக் கடை திறக்கிறது. நான் பத்து நிமிஷம் சுற்றி நடக்கிறேன்.

நீ கேட்ட சத்தியத்துக்குப் பதிலாக வேறொன்று தருகிறேன். எப்போதாவது தொட்டுவிட்டால், மறுநாள் விடிவதற்குள் உனக்குச் சொல்லிவிடுவேன். ‘இவ்வளவு செலவு பண்ணியும்...’ என்று ஆரம்பிக்காமல், இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி வந்து என்னை மையத்தில் கொண்டுபோய்ச் சேர். உன்னைக் கேட்காமலே உன் நம்பரைக் கவுன்சலரிடம் கொடுத்துவிட்டேன்.

இந்தத் தடவை கிளம்பும்போது வாசலில் நின்று, ‘போயிட்டு வரேன்’ என்று சத்தமாகவே சொன்னேன். உன் தங்கச்சி பதறிப்போய் என் கையைப் பிடித்தாள். அப்புறம் அவளும் சொன்னாள்.

வியாழக்கிழமை ஃபாலோ-அப். மே மாதத் திருவிழாவுக்குக் கூப்பிட்டிருந்தாய். இந்த வருஷம் கூட்டம் வேண்டாம் மச்சான். அது முடிந்து ஒரு சாதாரண நாளில் மகளோடு மேலே வருகிறேன். காபிச் செடியில் பச்சைக் காய் எப்படி இருக்கும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள், நீயே காட்டு.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்