பாமுக்கலேக்குக் குழு அழைத்துச் செல்லும் பயண ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

துருக்கியில் தெனிஸ்லி பக்கம் இருக்கும் பாமுக்கலேயை உங்கள் பயணத் திட்டத்தில் சேர்ப்பது நல்லதுதான். அங்கே ஒதுக்கும் நேரத்தைப் பற்றித்தான் இந்த மடல். வெள்ளைக் குளங்களில் காலை நனைத்து, நாலு படம் எடுத்து முடிப்பதற்குள் வண்டிக்குக் கூப்பிட்டுவிடுகிறீர்கள். மேலே இடிந்து பரந்து கிடக்கும் பழங்கால ஹைராபொலிஸ் நகரம் "நேரமிருந்தால்" பார்க்கும் இடமாகிவிடுகிறது.

குளங்களுக்கு நீர் தரும் வெந்நீர் ஊற்றையும் அந்த இடிபாடுகளையும் பிரித்துப் பார்க்கவே முடியாது. பூமியின் பிளவு வழியாக ஏறிவரும் சுடுநீரிலிருந்து கரியமில வாயு வெளியேற, சுண்ணாம்பு படிந்து அந்த வெண்படிகள் உருவாகின்றன. இந்த நீருக்காகவே கி.மு. 2ஆம் நூற்றாண்டின் கடைசியில் மேற்குத் துருக்கிப் பகுதியை ஆண்ட பெர்கமோன் அரசர்கள் அங்கே ஊர் அமைத்தார்கள். ஊரைத் திரும்பத் திரும்பச் சாய்த்த நிலநடுக்கங்களும் அந்தப் பிளவுகள் தந்தவைதான். பாதாளக் கடவுள் புளூட்டோவின் பெயரால் அங்கே இருக்கும் குகைவாயிலில் கசிவதும் அதே வாயு. உள்ளே விட்ட குருவிகள் உடனே செத்து விழுந்ததைப் பழங்காலக் கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதி வைத்திருக்கிறார். யுனெஸ்கோகூட 1988இல் இயற்கை, பண்பாடு இரண்டுக்கும் சேர்த்துத்தான் இதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏற்றியது.

அதனால் வடக்கு வாசலில் இறக்கிவிடுங்கள். முதலில் வருவது இடுகாடு. சுமார் 2 கிலோமீட்டருக்குக் கல்லறைகள். நோய் தீர நீரைத் தேடி வந்து, தீராமல் அங்கேயே தங்கிவிட்டவர்களும் அவற்றில் இருப்பார்கள் என்று சொல்வதுண்டு. அப்புறம் வளைவு வாசல், பெருவீதி, மலைச்சரிவில் அரங்கம். கடைசியாக வெண்படிகளில் இறங்கட்டும். வெயிலில் இந்த நடை எல்லோராலும் ஆகாது, ஒத்துக்கொள்கிறேன். முடியாதவர்களுக்கு வேறு வழி சொல்லுங்கள், மற்றவர்களிடமிருந்து அதைப் பறிக்காதீர்கள்.

இன்னொன்று, உங்கள் விளம்பரப் படங்கள். எல்லாக் குளமும் நீல நீர் ததும்பக் காட்டுகிறீர்கள். போனால் பாதிக்கு மேல் காய்ந்து கிடக்கிறது, மக்கள் ஏமாந்து முணுமுணுக்கிறார்கள். பாசி படியாமல் வெண்மை காக்கத்தான் முறை வைத்து நீர் விடுகிறார்கள் என்று முன்கூட்டியே சொன்னால் என்ன? ஒரு காலத்தில் மேலே ஓட்டல்கள் கட்டி, இந்த நீரைத் தங்கள் நீச்சல் குளங்களுக்கு இழுத்துக்கொண்டார்கள். படிகளின் மேலேயே சாலையும் ஓடியது. ஓட்டல்களை இடித்து, சாலையை அகற்றி, அந்தத் தடத்தில் செயற்கைக் குளங்கள் அமைத்த பிறகுதான் இடம் தேறியது. இன்று நாம் கால் நனைப்பது பெரும்பாலும் அந்தக் குளங்களில்தான்.

படிகளில் செருப்பைக் கழற்றியே ஆக வேண்டும், பாறை வரிகள் உள்ளங்காலைக் குத்தும், சில இடங்களில் வழுக்கும். விழுந்த தூண்களுக்கு நடுவே நீந்தும் பழைய குளத்தில் நீர் ஏறத்தாழ 36 பாகை வெதுவெதுப்பு, ஆனால் குளிக்கத் தனிக் கட்டணம். இவற்றைப் பணம் வாங்கும்போதே சொல்லிவிடுங்கள், வாசலில் வைத்து அல்ல.

இப்படிக்கு,
உங்கள் வண்டியில் வந்த ஒரு பயணி