தோற்றவரை மட்டும் டேபிளை விட்டு இறக்காதீர்கள்

எங்கள் குடியிருப்பின் விளையாட்டுக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

செயலாளர் அவர்களுக்கும் குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

கிளப் ஹவுஸ் பலகையில் போன வாரம் நீங்கள் ஒட்டிய அறிவிப்பைப் படித்தேன். மாலை 6 முதல் 9 வரை இரண்டு டேபிள் டென்னிஸ் டேபிளிலும் மேட்ச் மட்டும்தான். ஜெயித்தவர் நிற்கலாம், தோற்றவர் இறங்க வேண்டும். நாக்கிங், அதாவது மேட்சுக்கு முன் கை பழக அடித்துப் பார்ப்பது, 2 நிமிடத்துக்கு மேல் கூடாது. "சும்மா தட்டிக்கொண்டிருப்பதும்" பயிற்சி செய்வதும் டேபிளை வீணாக்குவதாகக் கருதப்படும். கூட்டம் சேர்ந்துவிட்டது, பெஞ்சில் காத்திருப்பவர்கள் முணுமுணுக்கிறார்கள், ஏதாவது செய்தாக வேண்டும் என்பதெல்லாம் சரி. இந்த விதியால் கூட்டம் நிச்சயம் குறையும். ஆட வருவதையே பலர் நிறுத்திவிடுவார்கள்.

கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். 11 பாயின்ட், மூன்றுக்கு இரண்டு கேம் என்று வைத்தால் ஒரு மேட்ச் ஏறக்குறைய 15 நிமிடம். நம்மிடம் நன்றாக ஆடுகிறவர்கள் நாலைந்து பேர். டேபிளுக்கு ஒருவராக அவர்கள் நின்றுவிட்டால் மாலை முழுக்க அவர்களுக்கு ஆட்டம்தான். போன மாதம் பேட் வாங்கியவர் 11-2, 11-3 என்று பத்தே நிமிடத்தில் இறங்கி, அடுத்த முறை வர முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருப்பார். யார் அதிகம் ஆட வேண்டுமோ அவருக்குத்தான் டேபிள் குறைவாகக் கிடைக்கிறது.

அந்தப் பத்து நிமிடத்திலாவது ஏதாவது கற்றுக்கொள்கிறாரா? நம் தரத்து ஆட்டத்தில் பெரும்பாலான பாயின்ட் சர்வீஸ், ரிட்டர்ன், ஒரு அடி, அதோடு முடிந்துவிடும். மேட்ச் முழுவதும் அவர் பேக்ஹேண்டில், அதாவது புறங்கை முன்னால் வரும்படி அடிப்பதில், 20 பந்து தொட்டிருந்தால் அதிகம். அதே பத்து நிமிடம் ஒருவர் எதிரில் நின்று மூலைக்கு மூலை பேக்ஹேண்டுக்கே போட்டுக் கொடுத்தால், நடுவில் பந்து பொறுக்கும் நேரம் போக, 200 அடியாவது அடித்திருப்பார். இந்திய வீரர்கள் சரத் கமலும் சத்தியனும் ஆடி வளர்ந்த சென்னை இது என்று போன கூட்டத்தில் ஒருவர் பெருமையாகச் சொன்னார். பெருமைதான். 2020 ஊரடங்கில் எதிரில் ஆள் கிடைக்காதபோது சத்தியன் வீட்டில் ரோபோவை வைத்துப் பந்து போடச் சொல்லி அடித்துக்கொண்டிருந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

அதற்காகப் பயிற்சி, பயிற்சி என்று மட்டும் இருப்பவர்கள் பக்கமும் நான் இல்லை. சனிக்கிழமை காலை குழு ஒன்று இருக்கிறதே, ஃபோர்ஹேண்டுக்கு ஃபோர்ஹேண்ட் (உள்ளங்கைப் பக்க அடி) என்று ஒரே கோட்டில் அடித்தால் பார்க்க அவ்வளவு அழகு. மேட்ச் வைத்தால் மூன்றாவது பந்திலேயே தடுமாறுகிறார்கள். பந்து எங்கே வரும் என்று முன்பே தெரிந்து பழகிய கால்கள் அவை. ஷே, மார்கன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1979-ல் வெளியிட்ட பரிசோதனை ஒன்று உண்டு. ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்தவர்கள் பயிற்சியின்போது வேகமாகத் தேறினார்கள். அசைவுகளை மாற்றி மாற்றிக் கலந்து செய்தவர்கள் பயிற்சியில் திணறினாலும் பிறகு வைத்த சோதனையில் முந்தினார்கள். ஸ்வீடனின் ஃபால்கன்பெர்க் கிளப் பெயரால் உலகம் முழுக்கச் செய்யப்படும் பயிற்சியும் கலவைதான்: பேக்ஹேண்ட் மூலையில் ஒரு பேக்ஹேண்ட், அதே மூலையில் சுற்றி வந்து ஒரு ஃபோர்ஹேண்ட், அப்புறம் எதிர் மூலைக்கு ஓடி இன்னொரு ஃபோர்ஹேண்ட். நம் ஆட்கள் நான்கு சுற்று செய்தால் மூச்சு வாங்கும். செய்ய வேண்டியது இந்த மாதிரிதான்.

இப்போது லாங் பிம்பிள்ஸ், அதாவது பேட்டில் நீளமான முள் முள்ளாக இருக்கும் ரப்பர், பிரச்சினைக்கு வருகிறேன். அறுபதைத் தாண்டிய நம் அங்கிள் ஒருவர் அந்த ரப்பரை வைத்து எல்லோரையும் தோற்கடிக்கிறார். அதைத் தடை செய்யச் சொல்லி உங்களிடம் மனு வந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். தயவுசெய்து செய்யாதீர்கள். சர்வதேசச் சம்மேளனமே அனுமதிக்கும் வகை அது. பேட்டின் இரண்டு பக்கமும் வேறு வேறு நிறத்தில் இருக்க வேண்டும் என்ற விதியே எந்தப் பக்கத்தால் அடிக்கிறார் என்று எதிராளிக்குத் தெரியத்தான். நடப்பது என்ன? நீங்கள் டாப் ஸ்பின் (பந்து முன்னோக்கிச் சுழல்வது) போட்டு ஓங்கி அடிக்கிறீர்கள். அந்தச் சுழற்சி மாறாமல் திரும்பி வருவதால் உங்கள் பக்கத்தில் அது கனமான பேக் ஸ்பின் (பின்னோக்கிய சுழற்சி) ஆகிறது. மறுபடி ஓங்கினால் பந்து நெட்டில். சரி என்று அடுத்த முறை பந்தின் அடியைச் செதுக்கி பேக் ஸ்பின்னோடு மெல்லத் தள்ளி, அதாவது புஷ் செய்கிறீர்கள். இப்போது லேசான டாப் ஸ்பின்னோடு வருகிறது. அதையும் புஷ் செய்தால் பந்து எகிறுகிறது, அங்கிள் ஸ்மாஷ் அடிக்கிறார். மந்திரம் ஒன்றும் இல்லை. நான் என்ன சுழற்சி அனுப்பினேன், அது தலைகீழாக வரும் என்ற ஒரே நினைப்போடு, ஸ்கோர் இல்லாமல், அவர் எதிரில் கால் மணி நேரம் நின்றால் போதும். அவரும் சந்தோஷமாக நிற்பார், கேட்டுத்தான் பாருங்கள். ஆனால் உங்கள் புது விதிப்படி அந்தக் கால் மணி நேரம் "டேபிளை வீணாக்குவது."

சர்வீஸும் இப்படித்தான். உள்ளங்கையை விரித்து வைத்து, பந்தைக் குறைந்தது 16 செ.மீ. மேலே தூக்கிப் போட்ட பிறகே அடிக்க வேண்டும். நம்மில் பாதிப் பேர் கையிலிருந்தே தட்டிவிடுகிறோம். மேட்ச் நடுவில் இதைச் சொன்னால் சண்டை, அதனால் யாரும் சொல்வதில்லை. பகல் 10 முதல் 4 வரை அந்த அறை பூட்டித்தான் கிடக்கிறது. திறந்து விட்டால் ஒருவர் தனியாகவே சர்வீஸ் போட்டுப் பழகலாம்.

சும்மா தட்டுகிறவர்களை விட்டுவிட முடியாது. சமையலை முடித்துவிட்டு எட்டு மணிக்குச் சேர்ந்து வரும் அக்காக்கள், பேரனோடு வரும் தாத்தா, அலுவலகக் களைப்பைப் பேசித் தீர்க்க வருகிற இளைஞர்கள். இவர்களுக்கு ஸ்கோரே வேண்டாம், பந்து மாறி மாறி ரேலி போனால் போதும். சந்தா இவர்களும்தான் கட்டுகிறார்கள். புது சர்வீஸோ புது அடியோ முதலில் தைரியமாக வெளியே வருவதும் இந்த ஆட்டத்தில்தான், தப்பினால் நஷ்டமில்லை என்பதால்.

என் யோசனை இது. வார நாட்களில் 6 முதல் 7 வரை ஒரு டேபிள் பயிற்சிக்கு, இருவருக்கு 20 நிமிடம் என்று பெயர் எழுதி வைத்து. மற்றது சும்மா ஆட. ஆள் அதிகமானால் டபுள்ஸ். 7 முதல் 9 வரை ஒரு டேபிளில் மேட்ச், இன்னொன்றில் கூட்டத்தைப் பார்த்து முடிவு செய்யலாம். மேட்ச் முடிந்தால் இருவருமே இறங்க வேண்டும், ஜெயித்தவரும்தான். இது ஒன்றை மட்டும் மாற்றினாலே பெஞ்சில் பாதி முணுமுணுப்பு அடங்கும். ஞாயிறு காலை முழுக்க மேட்ச் வைத்துக்கொள்ளுங்கள், பட்டியல் போட்டு. தரம் ரொம்ப வித்தியாசப்பட்டால் புதியவருக்கு 4-0 என்று தொடங்கலாம். பெரிய கையும் அப்போதுதான் கவனமாக ஆடும். 21 பாயின்ட்தான் உண்மையான ஆட்டம் என்று இன்னும் அடம்பிடிக்கும் இரண்டு பெரியவர்களுக்கு மட்டும் என்னிடம் வழியில்லை. 2001-லேயே உலகம் 11-க்கு வந்துவிட்டது என்று நீங்கள்தான் சொல்லிப் புரிய வைக்க வேண்டும்.

இரண்டு மாதம் நடத்திப் பாருங்கள். வாசலில் கையெழுத்துப் போடும் நோட்டு இருக்கிறது, அதிலேயே வருகிறவர் எண்ணிக்கை தெரிந்துவிடும். குறைந்திருந்தால் பழைய அறிவிப்பையே மறுபடி ஒட்டுங்கள், நான் வாய் திறக்க மாட்டேன். பயிற்சிக்குத் தேவையான பழைய பந்துகள் என்னிடம் ஒரு வாளி நிறைய உண்டு. பகலில் அறைச் சாவி யாரிடம் இருக்கும் என்பதை மட்டும் முடிவு செய்து பலகையில் எழுதிவிடுங்கள்.

இப்படிக்கு,
பி பிளாக் குடியிருப்பாளர் ஒருவர்