மாப்பிள்ளை, அது சாப்பிடும் கணவாய் இல்லை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

ஹாங்காங் போன மூன்றாவது வாரமே கணவாய் மீனில் வழுக்கி விழுந்துவிட்டாயாமே! உன் அம்மா சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். கூட வேலை பார்ப்பவர் சோகமாக ஏதோ சொல்ல, உனக்குக் 'கணவாய்' மட்டும் புரிந்து, "எந்தக் கடையில்?" என்று கேட்டாயாம். விடு. அந்த ஊரில் இருந்தபோது நான் "காரம் தூக்கலாக இருந்ததா?" என்றே கேட்டிருக்கிறேன்.

அந்த ஊர்க் கான்டனீஸ் மொழியில் அவர் சொன்னது 'ச்சாவ் யாவ் யூ'. சொல்லுக்குச் சொல் பார்த்தால் கணவாய் வறுப்பது. பொருள், நம்மூரில் சீட்டைக் கிழிப்பது. ஏன் கணவாய்? கீறிவிட்ட துண்டு ஒன்றைச் சூடான வாணலியில் போட்டுப் பார். தட்டையாகக் கிடந்தது ஓரம் மடங்கி, பாய் சுருட்டினது போல உருண்டுவிடும். அந்தக் காலத்துக் கடைச் சிப்பந்திகள் கடையிலேயே படுத்துக்கொள்வார்கள், படுக்கை அவரவருடையது. வேலை போனால் அதைச் சுருட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். நம் 'மூட்டையைக் கட்டு'க்குப் பங்காளி என்று வைத்துக்கொள்.

சரி, எப்படிச் சொல்வது? வேலை போன ஆளை நடுவில் செருகுவார்கள்: 'ச்சாவ் ஙோ யாவ் யூ'. ஙோ என்றால் நான், என்னை. (ஒன்றாம் வகுப்பில் எழுதிப் பழகியதோடு மறந்த ங வரிசைக்கு அங்கே தினமும் வேலை. இளசுகள் பலர் அதையும் விழுங்கி 'ஓ' என்கிறார்கள்.) அவசரப் பேச்சில் கணவாயும் போய்விடும், 'பெய் யன் ச்சாவ் ஜோ', வறுத்துவிட்டார்கள், அவ்வளவுதான். 'ச்சாவ்' என்பதைக் கீழிருந்து மேலே ஏற்றிச் சொல். ஏற்றாமல் மேலேயே ஒரே மட்டமாகப் பிடித்தால் 'காப்பியடிப்பது' ஆகிவிடும்.

எனக்குப் பிடித்தது இதைத் திருப்பிப் போடுவது. நாமே வேலையை உதறினால், முதலாளிக்குக் கணவாய் வறுத்துவிட்டேன் என்று சொல்லலாம். அதை டீக்கடையோடு வைத்துக்கொள். அலுவலகக் கடிதத்தில், வேலையை விட்டு நீக்குவதற்கு 'காய் கூ' என்பதுதான் முறையான சொல். வேலை போனவர் முகத்துக்கு நேரே நீயாக இந்தக் கணவாயை எடுக்காதே. அவரே சொன்னால் கேட்டுக்கொள்.

அப்புறம், அவரை ஒரு நாள் மத்தியானம் கூட்டிப்போய் மீன் உருண்டை நூடுல்ஸ் வாங்கிக் கொடு.

அன்புடன்,
மாமா