கேரியோடைப் தாளை யார் விளக்குவது?

சென்னையில் கருத்தரிப்பு மையங்களும் மகப்பேறு மருத்துவமனைகளும் நடத்தும் டாக்டர்களுக்கு,

வணக்கம். நீங்கள் அனுப்பும் ரத்தத்தில் குரோமோசோம்களை எண்ணி, அமைப்பைப் பார்த்து, கேரியோடைப் என்ற ரிப்போர்ட் எழுதும் ஆய்வகம் ஒன்றில் நீண்ட காலமாக வேலை பார்க்கிறேன். ‘கேரியோடைப் ரெடியா மேடம்?’ என்று உங்கள் மையத்திலிருந்து போன் வந்தால் எடுப்பது பெரும்பாலும் நான்தான். எப்போது வரும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். வந்ததில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்பவர்கள் குறைவு. ரிப்போர்ட் ஃபைலுக்குள் போகிறது, ஃபைல் தம்பதியின் கைக்குப் போகிறது, அவர்கள் ஆட்டோவில் ஏறிய பிறகுதான் அந்தத் தாளைப் பிரித்துப் பார்க்கிறார்கள். அப்புறம் அடியில் அச்சடித்திருக்கும் எங்கள் நம்பருக்குக் கூப்பிடுகிறார்கள்.

கூப்பிடுகிறவர்களிடம் நாங்கள் விளக்கம் சொல்லக் கூடாது. அது விதி, நியாயமான விதிதான். முழு விவரம் தெரியாமல் போனில் ஆருடம் சொல்ல முடியாது. ‘உங்க டாக்டரைக் கேளுங்க’ என்போம். ‘டாக்டர்தான் லேபைக் கேக்கச் சொன்னாரு’ என்பார்கள். இந்த இடத்தில்தான் என் வழக்கு.

அந்த ஒரு தாள் எப்படி உருவாகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். படித்தபோது தெரிந்துகொண்டிருப்பீர்கள், ஆனால் பார்த்து வெகு நாளாகியிருக்கும். நீங்கள் எடுத்து அனுப்பும் ரத்தம் பச்சை மூடிக் குழாயில், உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் கலந்து வர வேண்டும். ஊதா மூடியில் வருவது செல் வளர்ப்புக்கு ஆகாது. ஐஸ் கட்டி மேலே வைத்து அனுப்புவதும் ஆகாது, மே மாதத்தில் பைக் டப்பாவில் வேகவிட்டு அனுப்புவதும் ஆகாது. எங்களுக்கு வேண்டியது உயிருள்ள வெள்ளை அணு. சிவப்பணுவுக்கு உட்கருவே கிடையாது, அதில் எண்ண ஒன்றும் இல்லை. கொஞ்சம் ரத்தத்தை ஊட்டத் திரவத்தில் விட்டு, பீன்ஸ் விதையிலிருந்து எடுத்த ஒரு புரதத்தைச் சேர்த்து, 37 டிகிரியில் 72 மணி நேரம் வைக்கிறோம். சும்மா சுற்றிக்கொண்டிருக்கும் வெள்ளை அணுக்களைப் பிரியத் தூண்டுவது அந்தப் புரதம்தான்.

பிரியத் தொடங்கிய செல்லைப் பாதியில் நிறுத்தக் கோல்சிசின் வகை மருந்து. நம் மாநில மலரான செங்காந்தளிலும் இருக்கிற பொருள் அது; தாராபுரம், மூலனூர் பக்கம் கண்வலிக்கிழங்கு என்று பயிரிட்டு, கோல்சிசின் எடுப்பதற்காகவே அதன் விதையை விற்கிறார்கள். அது விழுந்ததும் குரோமோசோம்கள் நன்றாகச் சுருங்கித் தடித்த நிலையில் அப்படியே நின்றுவிடும். நீர்த்த உப்புக் கரைசலில் செல்லை ஊதவைத்து, மெத்தனாலும் அசிட்டிக் அமிலமும் கலந்து பதப்படுத்தி, ஸ்லைடு மேல் சொட்டுவிடுகிறோம். இந்தச் சொட்டில்தான் கைப்பழக்கம் இருக்கிறது. ஐப்பசி மழையில் ஸ்லைடு காய்வது ஒரு விதம், அக்னி நட்சத்திரத்தில் காய்வது வேறு விதம். ஈரப்பதம் சரியில்லாவிட்டால் குரோமோசோம்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும், அல்லது சிதறி ஓடிவிடும். ஏசி இருந்தும் நவம்பரில் எங்கள் ஆய்வகத்தில் எல்லோர் முகமும் கொஞ்சம் கடுகடுப்பாகத்தான் இருக்கும். பிறகு டிரிப்சின் என்ற நொதி, ஜிம்சா சாயம். வரி வரியாகக் கோடுகள் தெரிந்ததும் இருபது செல்களில் எண்ணி, ஜோடி சேர்த்து, கோடு கோடாக ஒப்பிடுகிறோம்.

இவ்வளவுக்கும் பிறகு ஒரே ஒரு வரி எழுதுகிறோம். அந்த வரியைப் படித்துச் சொல்லத்தான் ஆள் இல்லை.

ஓர் இளைஞர் கூப்பிட்டார். மனைவிக்குத் தொடர்ந்து கரு கலைந்திருக்கிறது. ‘மேடம், என் ரிப்போர்ட்டுல 45னு போட்டிருக்கு. எல்லாருக்கும் 46னு கூகுள்ல பார்த்தேன். ஒண்ணு எங்க போச்சு?’ என்றார். எங்கேயும் போகவில்லை. அவருக்கு 13-ம் குரோமோசோமில் ஒன்றும் 14-ல் ஒன்றும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ரயிலில் இரண்டு பெட்டிகளைக் கோத்துவிட்டால் பயணிகள் குறைவதில்லை. எண்ணிக்கை 45 ஆனாலும் அவரிடம் மரபுப் பொருள் கிட்டத்தட்ட முழுசாகவே இருக்கிறது. ஒட்டும்போது கழன்று போன குட்டைக் கைகளில் (குரோமோசோமின் இடுக்குக்கு ஒரு பக்கம் உள்ள சிறிய துண்டுகளில்) இருப்பது, 15, 21, 22 ஆகியவற்றின் குட்டைக் கைகளிலும் இருக்கிற அதே மரபணுக்களின் பிரதிகள்தான். அதனால்தான் அவருக்கு உடம்பில் ஒரு குறையும் இல்லை.

சிக்கல் விந்தணு உருவாகும்போது வருகிறது. ஒட்டியதும் ஒட்டாததும் பங்கு பிரியும்போது சில விந்தணுக்களுக்கு 13 அல்லது 14 கூடுதலாகப் போகும், சிலவற்றுக்குப் போகாமலே விடும். அப்படி உருவாகும் கருக்களில் பெரும்பாலானவை கலைந்துவிடும். மற்ற விந்தணுக்களில் கணக்கு சரியாக இருக்கும். ஒட்டியது ஒட்டியபடியே குழந்தைக்குப் போனாலும் குழந்தை அப்பாவைப் போலவே நன்றாக இருக்கும். இந்த வகை ஒட்டு உள்ள பலருக்கு இயற்கையாகவே ஆரோக்கியமான குழந்தை பிறக்கிறது. இதையெல்லாம் எதிரில் உட்காரவைத்துச் சொல்ல அரை மணி நேரம் போதும். யாரும் சொல்லவில்லை. கொடுத்தது ஐவிஎஃப் பேக்கேஜ் கட்டண அட்டை ஒன்றுதான்.

இப்படி ஒட்டிய குரோமோசோம் ஏறக்குறைய ஆயிரம் பேரில் ஒருவருக்கு இருக்கிறது. இந்த வகை ஒட்டுக்கு ராபர்ட்சன் என்பவரின் பெயர் வைத்திருக்கிறார்கள். 1916-ல் அவர் அதைக் கண்டது மனிதரில் அல்ல, வெட்டுக்கிளியில். உயிரினங்களில் இது புதிதே இல்லை. நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் திரியும் கேளையாடு என்ற சிறு மானில் பெட்டைக்கு ஆறே குரோமோசோம், கிடாவுக்கு ஏழு. பாலூட்டிகளிலேயே மிகக் குறைந்த எண்ணிக்கை இது. சீனாவில் உள்ள அதன் நெருங்கிய இனத்துக்கு 46. ஒன்றோடொன்று ஒட்டி ஒட்டியே இங்கே எண்ணிக்கை இறங்கியிருக்கிறது. ஆற்று எருமைக்கு 50, கிழக்காசியச் சேற்று எருமைக்கு 48. இரண்டும் சேர்ந்து 49-ஓடு கன்று பிறந்தால் அந்தக் கன்றும் வளர்ந்து கன்று போடும். குதிரைக்கு 64, கழுதைக்கு 62, நடுவில் பிறக்கும் கோவேறு கழுதைக்கு 63. அதற்கு வாரிசு பிறப்பது மிக அரிது. எண் மாறினாலே மலடு என்றோ, மாறினாலும் பரவாயில்லை என்றோ ஒரே வாக்கியத்தில் தீர்ப்பு எழுத முடியாது என்பதற்கு இந்த இரண்டு போதும்.

நம்மையே எடுத்துக்கொள்ளுங்கள். சிம்பன்ஸிக்கும் கொரில்லாவுக்கும் 48. நம் மூதாதைகளில் இரண்டு குரோமோசோம்கள் நுனியோடு நுனி ஒட்டி, இன்றைய 2-ம் குரோமோசோம் ஆனது. ஒட்டிய தழும்பு அதன் நடுவில் இன்னும் இருக்கிறது. போனில் அழுத அந்த இளைஞரிடம் நடந்தது, 46-ஐ ‘நார்மல்’ ஆக்கிய நிகழ்வுக்குப் பங்காளி முறைதான்.

அந்த 46-ம்கூட ரொம்ப நாள் தெரியாது. முப்பது வருஷத்துக்கும் மேல் உலகமே மனிதனுக்கு 48 என்று நம்பியது. ஸ்வீடனில் ஜோ ஹின் ஜியோவும் ஆல்பர்ட் லெவானும் 46 என்று எழுதியது 1956-ல்தான். அதற்கு முன்பே, 1945-ல், பயிர்களின் குரோமோசோம் எண்ணிக்கைகளைத் திரட்டி பிரிட்டிஷ் விஞ்ஞானி டார்லிங்டனோடு சேர்ந்து வெளியிட்டவர் தாவர விஞ்ஞானி ஜானகி அம்மாள். நம் ராணி மேரி கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்தவர். கடைசிக் காலத்தில் மதுரவாயலில் இருந்த சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக் களத்தில் வேலை செய்து, 1984-ல் காலமானார். எந்தச் செடியில் எண்ணிக்கை எப்படி மாறுகிறது என்று வாழ்நாள் முழுக்கப் பார்த்தவர் வாழ்ந்த ஊரில், எண் மாறிய ஒரு ரிப்போர்ட்டைப் பார்த்துக் குடும்பங்கள் உடைகின்றன.

உடைகின்றன என்பது மிகை அல்ல. 9-ம் குரோமோசோமின் நடுப்பகுதி தலைகீழாகத் திரும்பியிருப்பது நூறு பேரில் ஒருவர் முதல் மூன்று பேர் வரை காணப்படும் சாதாரண மாறுபாடு. 1, 9, 16 ஆகியவற்றில் சில பகுதிகள் ஆளுக்கு ஆள் நீளம் மாறும். ஒய் குரோமோசோமின் நீளமும் அப்படித்தான். அப்பாவுக்கு நீளமாக இருந்தால் மகனுக்கும் நீளம், அவ்வளவே. நாங்கள் அதைப் பார்த்ததாகக் குறிப்பிடுகிறோம், ‘இயல்பான மாறுபாடு’ என்றும் எழுதுகிறோம். ஒரு மையத்தில் ஒரு பெண்ணின் ரிப்போர்ட்டில் அந்தக் குறிப்பைச் சிவப்பு மையால் வட்டமிட்டு ‘அப்நார்மல்’ என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். எந்த மையம் என்பது இங்கே வேண்டாம். அந்தப் பெண் அதை எடுத்துக்கொண்டு எங்கள் வாசலுக்கே வந்தார். மாமியார் வீட்டில் வேறு கல்யாணப் பேச்சு தொடங்கிவிட்டதாம். கணவரின் ரத்தம் பார்த்தீர்களா என்று கேட்டேன். ‘அவருக்கு எதுக்குன்னு சொன்னாங்க’ என்றார்.

இதில் எனக்குக் கோபம் அதிகம், சொல்லிவிடுகிறேன். தொடர் கருச்சிதைவுக்கு இருவரின் ரத்தத்தையும் பார்க்க வேண்டும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அப்படி வரும் தம்பதிகளில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேரிடம், இருவரில் ஒருவருக்குக் குரோமோசோம் இடமாற்றம் (ஒன்றின் துண்டு இன்னொன்றில் ஒட்டியிருப்பது) இருக்கும். அந்த ஒருவர் கணவராக இருக்கும் சந்தர்ப்பமும் கணிசம். ஆனாலும் எங்களுக்கு மனைவியின் குழாய் மட்டும் தனியாக வருவது நிற்கவில்லை. ‘சார் வெளியூர்ல இருக்கார், அப்புறம் அனுப்பறோம்’ என்பார்கள். அந்த அப்புறம் பெரும்பாலும் வருவதில்லை.

நேர்மாறான தவறும் உண்டு: ‘நார்மல்’ என்ற சொல்லை அளவுக்கு மீறி நம்புவது. அக்கா மகளைக் கட்டியவர்களும் அத்தை மகனைக் கட்டியவர்களும் இந்த ஊரில் இன்னும் நிறையப் பேர். இருவருக்கும் 46 என்று வந்ததும், ‘சொந்தத்துல கட்டினதால ஒண்ணும் இல்லைன்னு ரிப்போர்ட்டே வந்துருச்சு’ என்று நிம்மதியாகப் போகிறார்கள். உறவுத் திருமணத்தின் ஆபத்து எண்ணிக்கையில் தெரியாது. மைக்ரோஸ்கோப்பில் எங்கள் கண்ணுக்குப் படும் மிகச் சிறிய மாற்றமே சுமார் 50 லட்சம் டிஎன்ஏ எழுத்துகள் நீளம். பரம்பரை ரத்த நோயான அரிவாள் செல் நோய்க்கு ஒரே ஓர் எழுத்து மாறினால் போதும். தாய்மாமனும் அக்கா மகளும் மணந்தால், குழந்தையின் மரபணுக்களில் சராசரியாக எட்டில் ஒரு பங்கு இரண்டு பக்கமும் ஒரே மூதாதையின் பிரதியாக அமையும். அத்தை மகன், மாமன் மகள் என்றால் பதினாறில் ஒரு பங்கு. குடும்பத்தில் ஒளிந்திருக்கும் ஒடுங்கு மரபணு (ஒன்று மட்டும் இருந்தால் வெளியே தெரியாது, இரண்டு பக்கமிருந்தும் வந்தால்தான் நோய்) வெளியே வர அதுதான் வழி. அதற்கான சோதனைகள் வேறு. கேரியோடைப் அதைப் பார்க்கவே இல்லை என்பதை ஒரு வரியில் சொல்லி அனுப்புங்கள்.

இதற்கு நடுவில் எங்களிடம் ‘ஆணா பெண்ணா’ என்று ரகசியமாகக் கேட்பவர்களும் உண்டு. கருவின் பாலினத்தைச் சொல்லத் தடை விதிக்கும் 1994-ன் சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், எக்ஸ் கொடுப்பதா ஒய் கொடுப்பதா என்பது அப்பாவின் விந்தணுவில் முடிவாகிறது என்பதையாவது உங்கள் வரவேற்பறைச் சுவரில் எழுதி ஒட்டலாம். எத்தனை மருமகள்களுக்கு நிம்மதி.

சரி, என்ன கேட்கிறேன்? கணவனும் மனைவியும் சேர்ந்து வரும் ஒரு நேரத்தை ரிப்போர்ட்டுக்கு என்று ஒதுக்குங்கள். அந்த அரை மணி நேரத்தில் தமிழில் பேசுங்கள். உங்களால் முடியாவிட்டால் மரபியல் ஆலோசகர் ஒருவரை வாரத்துக்கு ஒரு நாள் வரவழையுங்கள், சிறிய மையங்கள் நான்கைந்து சேர்ந்துகூடச் செய்யலாம். ரத்தத்தோடு அனுப்பும் படிவத்தில் எத்தனை முறை கரு கலைந்தது, எத்தனை வாரத்தில், உறவுத் திருமணமா என்ற கட்டங்களைக் காலியாக விடாதீர்கள். என்ன தேடுகிறோம் என்று தெரிந்தால் இன்னும் சில செல்களைக் கூடுதலாகப் பார்ப்போம்.

ஒட்டு இருப்பதாக வந்தால், அண்ணன், தங்கை, பெற்றோர் ஆகியோரின் பேச்சையும் எடுங்கள். 14-ம் 21-ம் ஒட்டியிருப்பவர் பெண்ணாக இருந்தால், 21 கூடுதலாக இருப்பதால் வரும் டவுன் சின்ட்ரோம் உள்ள குழந்தை பிறக்கும் வாய்ப்பு நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து. ஆணாக இருந்தால் மிகக் குறைவு. கல்யாணத்துக்கு நிற்கும் தங்கைக்கு அதே ஒட்டு இருக்கிறதா என்பதை அவர் கருத்தரிப்பதற்கு முன்பே பார்த்துவிடலாம். அந்தத் தங்கையிடம் சொல்வதா வேண்டாமா என்பதை வீட்டார் முடிவு செய்யட்டும், ஆனால் அப்படி ஒரு கேள்வி இருப்பதே அவர்களுக்குத் தெரியாமல் போகக் கூடாது.

எங்கள் பக்கம் செய்ய வேண்டியதையும் செய்கிறோம். அடிக்கடி வரும் முடிவுகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்க அளவில், எளிய தமிழில் விளக்கத் தாள் எழுதி வருகிறோம்; முதலில் எழுதியது 9-ம் குரோமோசோம் பற்றியதுதான். அடுத்த ரிப்போர்ட் கட்டோடு அவற்றின் வரைவும் வரும். தப்பு இருந்தால் திருத்தி, சரி என்றால் கையெழுத்துப் போட்டு, குழாய் எடுக்க வரும் பையனிடமே திருப்பிக் கொடுத்து அனுப்புங்கள்.

இப்படிக்கு,
குரோமோசோம் ஆய்வகப் பணியாளர் ஒருவர்,
சென்னை